“ஒளிக்காமல் பழகுவோம்” என்கிறார் கணவர். சம்மதிக்கலாமா?

2 ஜூன் 2024, இரவு 9.50 – கேள்வி

அக்கா, நானும் திருகோணமலைதான். பெயர் வேண்டாம். கலியாணம் முடித்துப் பதின்மூன்று வருடம். அவர் கட்டாரில், வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். போன கிழமை கோல் எடுத்தவர், “நீயும் தனிய, நானும் தனிய. உனக்கு யாரையும் பிடித்தால் பழகு, நானும் பழகுகிறேன். ஆனால் ஒருவருக்கு ஒருவர் ஒளிக்கக் கூடாது. வெளிநாட்டில் எத்தனையோ குடும்பம் இப்படி ஒழுங்காக இருக்கிறது” என்றார். எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. விறைத்துப் போய் இருக்கிறேன். பிள்ளைகள் இரண்டு பேர், சின்னவன் இந்த முறை புலமைப்பரிசில் சோதனை எடுக்கிறான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஒழுங்கு இருப்பதாக முந்தி எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊரில் இது சரிவருமா?

3 ஜூன், காலை

தங்கச்சி, சரிவரும் என்றும் சொல்ல மாட்டேன், சரிவராது என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் சில வருடங்களாக ஓடுகிறது. இடைக்கிடை நொண்டியும் இருக்கிறது.

பொறாமை வருமா, பிள்ளைகளுக்குத் தெரிந்தால் என்ன என்று இப்போதே யோசிக்கத் தொடங்கியிருப்பீர்கள். அதெல்லாம் பிறகு. நீங்கள் மாட்டேன் என்று சொன்னால் என்ன நடக்கும்? முதலில் அதைப் பாருங்கள். மாதக் காசு குறையுமா? கோல் எடுப்பது குறையுமா? “அப்ப நான் என்ர பாட்டில பாக்கிறன்” என்பாரா? மாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் வழக்கம் போல எழும்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப முடியும் என்றால் மட்டும் மிச்சத்தைக் கதைப்போம்.

வீட்டு உறுதிப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? எங்கள் கிழக்கில் வீடு பெண்ணோடு வருவதுதான் வழக்கம், மாப்பிள்ளை வந்து சேருகிறவர். நான் என் வீட்டுக்காரரோடு நிதானமாகக் கதைக்க முடிந்ததற்குப் பாதிக் காரணம் அம்மா எழுதித் தந்த இந்த வீடு. அன்பு, முதிர்ச்சி என்றெல்லாம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

வீடியோ கோலில் பதில் சொல்லாதீர்கள்.

3 ஜூன், பின்னேரம்

“வெளிநாட்டில் எத்தனையோ குடும்பம்” என்றாராமே. எந்த வெளிநாடு? அவர் இருக்கிற நாட்டில் கலியாணத்துக்கு வெளியே உறவு என்றால் சிறை. பிடிபட்டால் வேலையும் போகும், ஆளையும் பிளேன் ஏற்றிவிடுவார்கள். அவர் பாடாவது பரவாயில்லை. அந்தப் பெண்ணை யோசியுங்கள். வீட்டு வேலைக்குப் போன நம் நாட்டுப் பெண் ஒருத்தி என்று வையுங்கள், வயிறு தெரிந்தால் அதுவே அவளுக்கு எதிரான சாட்சி. மூதூர், தோப்பூர்ப் பக்கம் வளைகுடாவுக்குப் போகாத வீடு குறைவு, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் இரண்டு பேரும் சம்மதித்தது அவளை ஒரு விதத்திலும் காப்பாற்றாது.

ஆகவே, “யாரை மனதில் வைத்துக் கேட்டீர்கள்?” என்று கேளுங்கள். இந்தக் கதை ஆளில்லாமல் அநேகமாக வருவதில்லை.

6 ஜூன்

நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். கனடாவில் இருந்து “இது எங்கள் பண்பாடே இல்லை” என்று எழுதிய அண்ணாவுக்கு மட்டும் முதலில்.

மருதத் திணைப் பாட்டுகள் முழுக்க என்ன அண்ணா? பரத்தை வீட்டுக்குப் போய் வந்த கணவனுக்குத் தலைவி உள்ளே விட மறுக்கிறாள். அவன் பாணனைத் தூது விடுகிறான், பிள்ளையைக் காட்டி உள்ளே வரப் பார்க்கிறான். இரண்டாயிரம் வருடத்துச் சண்டை இது. அவன் போனது எல்லாருக்கும் தெரியும், அவளிடம் முதலில் கேட்டதாக மட்டும் ஒரு பாட்டும் நான் கண்டதில்லை. கண்டிப் பக்கம் அண்ணன் தம்பிமார் சேர்ந்து ஒரு பெண்ணைக் கட்டி ஒரே வீட்டில் உண்டு இருந்தார்கள். 1859இல் வெள்ளைக்காரர் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அதையும் நான் பெருமைக்குச் சொல்லவில்லை. வயல் துண்டுபடாமல் இருக்க அது வசதி. அந்தப் பெண்ணை யார் கேட்டார்கள்?

நம் ஊரிலேயே சின்ன வீடு வைத்திருந்த பெரியவர்கள் கோயிலில் முதல் காளாஞ்சி வாங்கினதை நாங்கள் பார்க்கவில்லையா?

7 ஜூன்

“இந்த ஒழுங்கெல்லாம் கூத்தடிக்கத்தானே” என்று கேட்ட தம்பிக்கு: நேரம் இருந்தால்தானே அப்பன். பள்ளிக்கூடம், ரியூசன், மாமியின் சீனி வருத்தம், மகளின் ஏ.எல். சோதனை. எங்கள் வீட்டில் இந்த ஒழுங்கு என்பது பெரும்பாலும் இரண்டு பேர் கலண்டரைப் பார்த்துக் கொட்டாவி விடுவதுதான்.

11 ஜூன்

எப்படித் தொடங்கியது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

இவருக்குக் கொஞ்சக் காலம் மட்டக்களப்பில் வேலை. அங்கே ஒரு பெண்ணோடு பழக்கம். எதுவும் நடக்கமுன் வந்து சொன்னார். “நடக்கமுன்” என்பதை நான் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். நம்பாவிட்டால் இதில் இறங்கியிருக்கக் கூடாது. அன்றைக்கு நல்ல கச்சான் காற்று, முற்றம் முழுக்கப் புழுதி, கதவு யன்னல் எல்லாம் பூட்டி உள்ளே வெக்கையில் இருந்து கதைத்தோம். கத்தினேன். பிறகு மூன்று நாள் கதைக்கவே இல்லை. பிறகு நான்தான் தொடங்கினேன், ஏனென்றால் என் மனதிலும் ஒரு ஆள் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அதை இவரிடம் சொல்ல எனக்கு ஒரு சாட்டு கிடைத்தது.

மகளின் பழைய கணக்குக் கொப்பி ஒன்று கிடந்தது. முன்பக்கம் பின்னம், பின்பக்கம் எங்கள் சட்டம். ஊருக்குள் ஆள் வேண்டாம். வீட்டுக்குள் வேண்டாம். நம் வீட்டு நல்லது கெட்டதுக்கு வந்து போகிற ஆள் வேண்டவே வேண்டாம். உடம்பு சம்பந்தம் வரமுன் இரத்தப் பரிசோதனைத் துண்டைக் காட்ட வேண்டும். பொதுக் காசில் கை வைக்கக் கூடாது. கடைசியாக, இரண்டு பேரில் ஒருவர் “வேண்டாம்” என்றால் அடுத்த நாளே நிறுத்த வேண்டும். இந்தக் கடைசியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், அது நிலைக்கவில்லை.

ஊருக்குள் வேண்டாம் என்றது ஏன் என்று இங்கே இருக்கிறவர்களுக்கு விளங்கும். திருகோணமலை எவ்வளவு பெரிய ஊர்? டச்சு வளைகுடாக் கடற்கரையில் ஒரே ஆளோடு இரண்டு பின்னேரம் கடலை கொறித்தால் மூன்றாம் நாள் ஓட்டோக்காரர் மாமியிடம் சுகம் விசாரிப்பார். கெஸ்ட் ஹவுசில் அடையாள அட்டை கேட்பார்கள், பதிகிற பெடியன் என்னிடம் படித்தவனாக இருப்பான். சீசனுக்கு உப்புவெளி, நிலாவெளி எல்லாம் வெள்ளைக்காரர் நிரம்பி வழிவார்கள். அவர்கள் யாரோடு போகிறார்கள் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. நாங்கள் அந்தப் பக்கம் சைக்கிளில் போனாலே, “என்ன ரீச்சர், இந்தப் பக்கம்?”

14 ஜூன்

சட்டம் கேட்டீர்கள். நான் சட்டத்தரணி இல்லை, ஆனால் இறங்கமுன் ஒருவரிடம் காசு கட்டிக் கேட்டேன். நீங்களும் கேளுங்கள்.

ஜெயில் என்று வாழைச்சேனைத் தம்பி எழுதியிருந்தார், அப்படி இல்லை. கலியாணமானவர் வேறு ஆளோடு உறவு வைத்தால் இலங்கையில் பொலிஸ் பிடிக்காது. ஆனால் அது விவாகரத்துக்குக் காரணம். பொதுச் சட்டத்தில் இருக்கிற காரணமே மூன்றுதான்: இது ஒன்று, வேண்டுமென்றே கைவிட்டுப் போவது ஒன்று, கலியாணத்தின் போதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு மற்றது. அந்த மூன்றாவது ஆளையும் வழக்கில் சேர்த்து நட்டஈடு கேட்கலாம். சேர்ந்து உடன்பட்டவர், தெரிந்தே மன்னித்தவர் பிறகு அதையே காரணம் காட்டினால் நீதிமன்றம் அதையும் பார்க்கும்.

தங்கச்சி, இந்த இடத்தை இன்னொரு முறை வாசியுங்கள். அவர் கோலில் வாயால் சொன்னார். நீங்கள் நம்பிப் பழகினீர்கள் என்று வையுங்கள். நாளைக்குச் சண்டை வந்து, “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்றால்? உங்கள் கையில் என்ன இருக்கிறது? தாபரிப்பு (செலவுக் காசு) வழக்கிலும் வேறு ஆளோடு வாழ்கிற மனைவிக்குக் கட்டளை கிடைக்காது, பிள்ளைகளுக்கு மட்டும்தான். இப்படி வழக்குக்குப் போனால் அவருக்கு மிஞ்சிப் போனால் அவமானம். உங்களுக்குச் சாப்பாடே போய்விடும். ஆகவே வட்ஸ்அப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுதக் கை கூசுகிறவர் கேட்டிருக்கவே கூடாது.

இரண்டாவதாக ஒரு கலியாணம் பதிவு செய்வது வேறு கதை. அது குற்றம், ஏழு வருடம் வரை சிறை. “இஸ்லாத்துக்கு மாறிவிட்டுக் கட்டலாமே” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1965இல் லண்டன் பிரிவி கவுன்சில், அப்போது எங்கள் கடைசி மேன்முறையீட்டு மன்றம், அப்படிச் சரி என்றதுதான், அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் செய்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்த்துவிட்டது. விடுங்கள்.

15 ஜூன்

கனடா அண்ணா திரும்ப: “இந்தியாவில் இதைச் சட்டபூர்வமாக்கிவிட்டார்கள்.” இல்லை அண்ணா. 2018 செப்டெம்பரில் அவர்களுடைய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது, அவ்வளவுதான். குற்றம் இல்லை, விவாகரத்துக்குக் காரணமாக அங்கேயும் இருக்கிறது. அந்தப் பழைய பிரிவை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இன்னொருவன் மனைவியோடு அந்தக் கணவனின் சம்மதம் இல்லாமல் உறவு கொண்டால்தான் குற்றம். கணவன் சம்மதித்தால் குற்றமே இல்லை. மனைவி சம்மதித்தாளா என்று அதில் ஒரு வரி கிடையாது. வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போனது, 2018 வரைக்கும் ஓடியது.

21 ஜூன், பொசன் லீவு

கேள்வி கேட்ட தங்கச்சி தனியாக எழுதினார், பொதுவில் போடச் சொன்னார். “யாரை மனதில் வைத்து?” என்று கேட்டாராம். முதலில் “ஒருவரும் இல்லை.” இரண்டு நாள் கழித்து, “ஒரு ஆள் இருக்கிறா, பிலிப்பைன்ஸ், நேர்ஸ், கதைக்கிறது மட்டும்தான்.” வட்ஸ்அப்பில் எழுதச் சொன்னதற்கு, “என்ன, என்னை மாட்டப் பாக்கிறியா?” கடைசியில் வந்ததாம், “நீ ஓம் சொல்லாட்டியும் நான் மனுசன்தானே.”

நான் என்ன சொல்ல? அவர் கேட்கவில்லை, அறிவித்திருக்கிறார்.

ஆனால் நேர்ஸ் என்று சொன்னதை நான் குறைத்து எடைபோட மாட்டேன். பொய் சொல்லிக்கொண்டு இருந்திருக்கலாம், இரண்டாம் நாள் உண்மை வந்திருக்கிறது. தூர தேசத்தில் ஒரு அறையில் எட்டுப் பேரோடு படுக்கிற மனிதனுக்கு யாரோ ஒருவர் “சாப்பிட்டாயா” என்று கேட்பது பெரிய விசயம். அதற்காக நீங்கள் ஓம் சொல்ல வேண்டியதில்லை. அவரை மிருகமாக்கவும் வேண்டியதில்லை.

25 ஜூன்

கிண்ணியாவில் இருந்து ஒரு சகோதரி எழுதியதை அவருடைய அனுமதியோடு சுருக்கிப் போடுகிறேன். அவருடைய கணவர் இரண்டாவது கலியாணம் முடித்தவர். “ரீச்சர், எங்களுக்கு 1951ஆம் வருடத்து முஸ்லிம் விவாகச் சட்டம். காதிக்கு, அதாவது எங்கள் விவாக நீதிபதிக்கு, முப்பது நாளைக்கு முந்தி அறிவித்தால் போதும். முதல் மனைவி ஓம் என்கிறாளா என்று கேட்கத் தேவையில்லை. எனக்கும் அறிவித்தல் வந்தது. சட்டப்படி எல்லாம் சரி. ஒளிவு மறைவும் இல்லை. நீங்கள் சொல்கிற ‘ஒளிக்காமல்’ இதுதானா?”

இதுதான் என்றால் நான் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும். அவருக்கு முதல் நாளே தெரியும், முகத்துக்கு நேரேதான் நடந்தது, ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு சொல்லுக்கும் அங்கே இடம் இருக்கவில்லை. அந்தச் சட்டத்தைத் திருத்தச் சொல்லி முஸ்லிம் பெண்கள் எத்தனை காலமாகக் கேட்கிறார்கள். 2009இல் போட்ட குழு அறிக்கை கொடுக்கவே 2018 ஆனது. அதைச் சாட்டாக வைத்து அந்தச் சமூகத்தை இங்கே வந்து திட்டுகிறவர்கள் தயவு செய்து வேறு இடம் பாருங்கள். நம் பக்கத்துச் சின்ன வீட்டுக்குக் காதியும் இல்லை, முப்பது நாளும் இல்லை.

30 ஜூன்

பொறாமை. எல்லாரும் கேட்கிறீர்கள், சரி.

படுக்கையை நினைத்து எனக்கு எரிந்தது குறைவு. முதல் சில மாதம் இருந்தது, பிறகு தேய்ந்தது. எரிந்தது வேறு ஒன்றுக்கு. இவர் 1990இல் சின்னப் பெடியன். இங்கிருந்து தகப்பனோடு வெளிக்கிட்டு, காடு வழியே நடந்து, படகேறி இந்தியாவில் மண்டபம் அகதி முகாமுக்குப் போனவர். எனக்கு இவ்வளவுதான் தெரியும். இத்தனை வருடத்தில் அதற்கு மேல் ஒரு சொல்லும் வாயிலிருந்து வந்ததில்லை. கேட்டால், “அது பழசு.” ஒருநாள் கதைவாக்கில் இவருடைய மட்டக்களப்புத் தோழி என்னிடம் சொல்கிறார்: “அந்தப் படகில தங்கச்சியின்ர சட்டை நனைஞ்சு குளிர்ல அழுததைச் சொல்லேக்க அவர் இப்பவும் நடுங்குறார் அக்கா.” எந்தச் சட்டை? எந்த அழுகை? எனக்குத் தெரியாது.

இரண்டு கிழமை இவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கொப்பியில் உடம்புக்கு விதி எழுதியிருந்தோம், காசுக்கு எழுதியிருந்தோம். கதைக்கு எழுதவில்லை. அதற்கு என்னவென்று எழுதுவது? “படகைப் பற்றி என்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்” என்றா? இவரிடம் கேட்டபோது, “உனக்குச் சொன்னா நீ பாரம் தூக்குவாய், அவவுக்குச் சொன்னா கேட்டுட்டு வீட்ட போயிடுவா” என்றார். சரியான பதில்தான். அதனால் எரிச்சல் குறைந்துவிடவில்லை. இப்போதும் கடலில் படகைக் கண்டால் ஒரு நெருடல் வருகிறது, இந்த ஊரில் படகைக் காணாமல் எங்கே போவது?

2 ஜூலை

“உங்களுக்கும் ஆள் இருந்ததா, இருந்தால் ஏன் அதை எழுதவில்லை?” என்று கேட்டவருக்கு: இருந்தது, கொழும்பில். நல்ல மனிதர். தன் மனைவிக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார், சொல்லவில்லை என்று தெரிந்த அன்று நிறுத்தினேன். அவ்வளவுதான் எழுதுவேன்.

4 ஓகஸ்ட், ஆடி அமாவாசை

இன்றைக்குக் கடற்கரையில் அப்பாவுக்குத் தர்ப்பணம். தம்பி செய்ய, நான் கரையில் நின்று சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இரண்டு குடும்பம். ஐயர் பெயர் கேட்க, இரண்டு பக்கத்து மகன்மாரும் ஒரே தகப்பன் பெயர், ஒரே பேரன் பெயர் சொன்னார்கள். இரண்டு அம்மாமாரும் ஒரே மாதிரி வெள்ளைச் சேலையில், ஆளுக்கு ஆள் முதுகு காட்டிக்கொண்டு. ஐயர் எள்ளை இரண்டு பங்காகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, “அப்பு, ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லுங்கோ, எனக்கும் நேரம் மிச்சம்” என்றார். சேர்ந்தே சொன்னார்கள்.

கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எழுத வேண்டும் போல இருந்தது.

5 ஓகஸ்ட்

சம்பந்தம் இருக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தேன். அந்த இரண்டாவது அம்மாவைத்தான் நேற்று அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

18 ஓகஸ்ட்

அந்தக் கடைசி விதி, “வேண்டாம்” என்றால் அடுத்த நாளே நிறுத்துவது, ஏன் போனது என்று எழுதுகிறேன்.

ஒரு மாரியில் இவருக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் விட்டோம், இரத்தத்தட்டு நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டு போனது. மட்டக்களப்புத் தோழிக்கு நான்தான் சொன்னேன். அடுத்த நாள் மதியம் பார்க்க விடுகிற நேரத்துக்கு பஸ் எடுத்து வந்துவிட்டார். கையில் ஒரு பிளாஸ்க், பப்பாசி இலைச் சாறு. வாசல் காவலாளி, “நோயாளிக்கு என்ன முறை?” என்று கேட்டார். தோழி என்னைப் பார்த்தார். “சொந்தக்காரர்” என்று நான் சொன்னேன்.

உள்ளே கட்டிலடியில் மாமி. மாமி விடுவாவா? “எந்த ஊர் பிள்ளை? அப்பா என்ன செய்யிறார்? கலியாணம் முடிச்சாச்சோ?” எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. கலியாணத்துக்கு மட்டும், “இன்னும் இல்லை அம்மா.” மாமி அந்த இடத்திலேயே எங்கள் ஒன்றுவிட்ட தம்பி ஒருவனுக்குப் பேசத் தொடங்கிவிட்டார். குறிப்பு இருக்கிறதா, நட்சத்திரம் என்ன? இவர் சேலைன் ஏறிக்கொண்டிருந்த கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். காய்ச்சலால் இல்லை.

சிரிப்பான கதையாகத்தான் நாங்கள் இதைச் சொல்லிக்கொள்வது. ஆனால் மணி அடித்து எல்லாரையும் வெளியே விட்ட பிறகு நடந்தது வேறு. தோழி தாதியிடம் போய், “இண்டைக்கு கவுண்ட் எவ்வளவு?” என்று கேட்டார். தாதி, “மனைவிக்குத்தான் சொல்லலாம்” என்றுவிட்டு என் பக்கம் திரும்பி எண்ணைச் சொன்னார். தாதி செய்தது சரி. தோழி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார், தன்னிடம் சொல்லப்படாத எண்ணை. பிறகு கடைசி பஸ்சைப் பிடிக்க ஓட்டோவில் ஏறினார். சாற்றை டொக்டர் குடிக்க விடவில்லை, பிளாஸ்க்கை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இவர் தேறி வந்த பிறகு தோழி ஒருநாள் வந்தபோது கொப்பியைக் காட்டினோம், பெருமையாக. முழுக்க வாசித்தார். “எல்லாம் சரி அக்கா. இதில நான் எங்க இருக்கிறன்?” என்றார். நாங்கள் இரண்டு பேரும் எவ்வளவோ நேர்மையாக எழுதியிருந்தோம், எங்கள் இரண்டு பேருக்கும். ஒருத்தியோடு வருடக் கணக்கில் பழகிவிட்டு நான் ஒரு சொல் சொன்னால் அடுத்த நாள் அவரைக் கழற்றி விடலாம் என்று என் கையெழுத்தில் இருந்தது. வேலைக்கு வைத்த ஆளைக்கூட ஒரு மாத நோட்டீஸ் இல்லாமல் நிறுத்துவதில்லை.

அந்த வரியை வெட்டினோம். அதற்குக் கீழே தோழி தன் கையால் எழுதியவை: முடிப்பது என்றால் நேரில் வந்து சொல்ல வேண்டும், போனில் கூடாது. அவருக்குச் சுகமில்லை என்றால் எனக்கு உடனே தெரிய வேண்டும். எவரிடமும் என்னை “தங்கச்சி” என்று அறிமுகப்படுத்தக் கூடாது. கடைசியில் ஒன்று: எனக்குக் கலியாணம் பேசி வந்தால் நான் போவேன், தடுக்கக் கூடாது.

நாளைக்கே போனால் இவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். கொப்பியில் இருக்கிறது, போகலாம்.

20 ஓகஸ்ட்

“மாமிக்குத் தெரியுமா, மகளுக்குத் தெரியுமா?”

மாமிக்குத் தெரியாது, தெரியவும் வராது. மகளுக்கு “மட்டக்களப்பு அன்ரி” என்று தெரியும். அதற்கு மேல் தெரியுமா என்று எனக்கு இரண்டு மனம். அவளிடம் நாங்கள் பொய் சொல்வதில்லை, கேட்டால் சொல்வோம் என்று முடிவு. ஆனால் “ஒருவருக்கும் சொல்லாதே” என்று ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஏ.எல். முடியட்டும் என்கிறார் இவர். ஏ.எல். முடிந்தால் கம்பஸ், கம்பஸ் முடிந்தால் கலியாணம், அப்படியே போய்விடும். இதில் நான் நல்ல உதாரணம் இல்லை.

22 செப்டெம்பர்

தேர்தல் முடிந்து ஊரடங்கு. வீட்டில் எல்லாரும் ரீவிக்கு முன்னால், நான் இங்கே.

“விதி எழுதினால் விதிப்படி நடக்க வேண்டாமா, இடையில் வெட்டுவது என்ன நியாயம்?” என்று ஒருவர். பாண்டிருப்பு திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கு வருடாவருடம் போகிற சனம் நாங்கள், அந்தக் கதையை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஐந்து பேருக்கும் நாரதர் வந்து ஒழுங்கு போட்டுக் கொடுத்தார். ஒருவர் அவளோடு இருக்கும்போது மற்றவர் உள்ளே போகக் கூடாது, போனால் பன்னிரண்டு வருடம் வனவாசம். பிராமணனின் மாட்டைக் கள்ளர் கொண்டுபோக, அர்ச்சுனனுக்கு வில் வேண்டும், வில் இருந்தது தருமரும் திரௌபதையும் இருந்த இடத்தில். போனான், எடுத்தான், மாட்டை மீட்டான். தருமரே பரவாயில்லை என்றும் அவன் வனவாசம் போனான்.

விதியை மதித்தவன்தான். ஆனால் மாடு களவு போகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை, விதி போடும்போது திரௌபதையிடம் கேட்டதாகவும் கதையில் இல்லை. அவன் போன தண்டனையில் உலூபி, சித்திராங்கதை, சுபத்திரை என்று மூன்று கலியாணம். அப்படி ஒரு தண்டனை கிடைத்தால் எங்கள் வீட்டுக்காரரும் இப்போதே வில்லைத் தேடிக்கொண்டு வருவார்.

24 நவம்பர்

தங்கச்சி எழுதியிருக்கிறார். சின்னவனின் சோதனை நல்லபடி முடிந்தது. கணவர் டிசம்பர் நடுவில் வருகிறார். அவரிடம், “இப்போது இல்லை. நீ வந்து பக்கத்தில் இரு, பிறகு கேள்” என்று வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினாராம். அவர் கோபிக்கவில்லை, “சரி” என்று மட்டும் போட்டிருக்கிறார். காசும் வழக்கம் போல வந்தது. நேர்சோடு கதை நின்றதா என்று தங்கச்சி கேட்கவில்லை.

கேட்காமல் விட்டது நல்லதா கெட்டதா என்று எனக்கு இரண்டு யோசனை. ஜூனில் என்றால் கேளுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது, நேரில் இருந்து கேட்கட்டும் என்று நினைக்கிறேன். வந்த முதல் இரவு வேண்டாம், பிரயாணக் களைப்பு. பிள்ளைகளை ஒரு நாளாவது அம்மம்மா வீட்டில் விட்டுவிட்டுக் கதையுங்கள். அவருடைய போனை எடுத்துப் பார்க்காதீர்கள். பார்த்தால் பிறகு அதைப் பற்றித்தான் சண்டை நடக்கும்.

கூச்சப்படாமல் இன்னொன்று. கதைக்கிறது மட்டும்தான் என்றவரை நம்புங்கள், ஆனால் பரிசோதனை செய்யுங்கள், இரண்டு பேரும். வளைகுடாவில் எச்.ஐ.வி. என்று கண்டால் வேலையாளை நாட்டை விட்டே அனுப்பிவிடுவார்கள், ஆகவே அங்கே ஒருவரும் தாங்களாகப் போய்ச் செய்வதில்லை. இங்கே செய்யலாம். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பால்வினை நோய்க் கிளினிக் இருக்கிறது, காசு இல்லை, வெளியே சொல்ல மாட்டார்கள். நான் தெரிந்த முகங்களுக்குப் பயந்து முதல்முறை மட்டக்களப்பில் போய்ச் செய்தேன். எச்.ஐ.வி. தொற்றி மூன்று மாதம் வரைக்கும் சில சோதனைகளில் காட்டாமல் போகலாம், அதனால் ஒருமுறை செய்துவிட்டு விட்டுவிட முடியாது. அதுவரை ஆணுறை. அதுவும் ஹெர்பீஸ், எச்.பி.வி. போன்றவற்றை முழுக்கத் தடுக்காது. எச்.பி.வி. ஊசி 2017இல் இருந்துதான் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள், நம் வயதுக்காரருக்கு அது கிடைக்கவில்லை. எச்.பி.வி.யால் வரக்கூடிய கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனையையும் அதே கையோடு கேளுங்கள்.

கிளினிக் எந்த நாள் என்று முதலே கோல் எடுத்துக் கேட்டு வையுங்கள். நத்தாருக்கும் வருடப் பிறப்புக்கும் இடையில் போனால் பூட்டிக் கிடக்கும், அவருடைய லீவும் முடிந்துவிடும்.